வெறும் வயிறும் தேர்வடமும்

டிரில் மாஸ்டர் சிவசைலத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. அவருடைய வலது கால் முட்டுக்கு மட்டும் எழுபத்தைந்து இருக்கும். ஆனாலும் அந்த வருஷம், தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆனி மாதம், நெல்லையப்பர் கோயிலில் கொடி ஏறுவதற்கு முந்தின சாயங்காலம் அவர் வீட்டு நடுக்கூடத்தில் நின்று ஒரு பிரகடனம் செய்தார். பள்ளிக்கூட மைதானத்தில் நானூறு பையன்களுக்குக் கேட்கிற குரல். கேட்க இருந்தது மனைவி பாக்கியவதி ஒருத்திதான். அவளும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி, நாளைக்குக் கொடியேத்தத்துல இருந்து தேரு நிலைக்கு வாற வரைக்கும் ஒம்பது நாள் விரதம். பகல்ல பச்சத்தண்ணி. சாயங்காலம் ஒரு பொழுது. ஒம்பதாம் நாள் மொத வடத்துல மொத கை என் கை."

"முட்டு?"

"முட்டுக்கு மாத்திரை இருக்கு."

"மாத்திரைய எப்பப் போடுவிய?"

"காலைல குளிச்சு, திருநீறு பூசிட்டு."

"அப்ப வெறும் வயித்துல."

"மாத்திரை மருந்துட்டி. அதுனால விரதம் முறியாது."

"விரதம் முறியாது. கொடலுக்குத்தான் கேடு."

விஷயம் இதுதான். பங்குனி மாதம் முட்டு பலாக்கொட்டை மாதிரி வீங்கினபோது பாளையங்கோட்டை டாக்டர் ஒருவர் வலி மாத்திரை எழுதினார். "அஞ்சு நாள், சாப்பாட்டுக்குப் பிறகு. வயித்துக்குக் காவலா இந்தக் கேப்சூல், சாப்பாட்டுக்கு முன்னால" என்று மூன்று கட்டளை போட்டார். சிவசைலத்தின் காதில் 'மாத்திரை' என்ற ஒரு சொல்தான் ஏறியது. ஐந்து நாள் ஐம்பது நாள் ஆயிற்று. கேப்சூல் அலமாரி மேலே பல்லிக்குத் துணையாகக் கிடந்தது. வலி கூடினால் ஆசிரியர் அறையில் யாரிடமாவது வேறொரு வலி மாத்திரை வாங்கி, முதல் மாத்திரைக்குத் துணையாக அனுப்பினார். கேட்டால், "இது கல்லைத் தின்னாலும் கரைக்கிற வயிறு" என்பார்.

"எங்கண்ணனும் இப்படித்தான் சொன்னாவ" என்றாள் பாக்கியவதி.

அவளுடைய அண்ணன் களக்காட்டில் வாழை போட்டிருக்கிறவர். இடுப்பு வலிக்கு விடிகாலையில் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு தோட்டத்துக்குப் போய்விடுவார். ஒரு நாள் வெளிக்குத் தார் மாதிரி கறுப்பாகப் போயிற்று. முந்தின நாள் தின்ற எதுவோ என்று விட்டுவிட்டார். நாலாம் நாள் காபித்தூள் கலங்கல் போல வாந்தி எடுத்துக் கீழே விழுந்தார். மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றி அவரை எழுப்பினார்கள். பதினோரு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பாக்கியவதிதான். கணவனுக்கு அதே கட்டில் வேண்டாம் என்பதுதான் அவளுடைய ஒரே கவலை.

"அந்த டாக்டரம்மா எனக்கு வெவரமாச் சொன்னாவ. வலியக் கெளப்புறதும் வயித்துச் சவ்வக் காக்குறதும் ஒரே வம்சமாம். மாத்திரை போயி ரெண்டையும் சேத்து அமுக்கிருது. அப்புறம் வயிறு காவக்காரன் இல்லாத களம் மாதிரி."

"ஒங்கண்ணன் வயிறு களக்காட்டு வயிறு. இது டவுன் வயிறு."

"கோயில் பிரசாதம் தந்தாக்கூட சாப்பிட மாட்டியளா?"

"பிரசாதம் வேற. தேடிவந்த பிரசாதத்த வேண்டாம்னா ஏழு தலைமுறைக்குப் பாவம். அதுனால விரதமும் முறியாது. இது எங்க அப்பா வச்ச சட்டம்."

"அப்படியா" என்று பாக்கியவதி மறுபடி கீரையைப் பார்த்தாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசினால் பயமில்லை. பேசாமல் இருந்தால் மணிமுத்தாறு அணை நிறைகிறது என்று அர்த்தம். இருபத்தாறு வருஷம் குடித்தனம் செய்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவரோ, வாதத்தில் வென்றுவிட்டோம் என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

இருந்தாலும் ஒரு சந்தேகம். மாத்திரையை ஒளித்துவிடுவாளோ? மாற்றிவிடுவாளோ? அன்று முதல் மாத்திரை அட்டை அவருடைய இடுப்புப் பெல்ட்டுக்குள் குடியேறியது. குளிக்கும்போதுகூட பெல்ட்டைக் கண்ணில் படுகிற மாதிரி படித்துறையில் வைத்துக்கொண்டு தலையை முக்காமல் குளித்தார்.

புது அட்டை வாங்கப் போனபோது மருந்துக்கடை சேக் முகம்மது அட்டையோடு சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கேப்சூல் அட்டையையும் நீட்டினார்.

"இது என்னத்துக்கு பாய்?"

"இப்பம்லாம் ஜோடியாத்தான் வருது சார்வாள். இது அரை மணி நேரம் முன்னால உள்ள போயி வழி சொல்லணும். இல்லாட்டி அந்த மாத்திரை முட்டு எங்கன இருக்குன்னு தெரியாம வயித்துக்குள்ளயே முழிச்சிக்கிட்டு நிக்கும். இன்னொண்ணு, வேற வலி மாத்திரை எதையும் இதுகூடச் சேக்கப்பிடாது. ஒண்ணுக்கொண்ணு அடிச்சிக்கிடும்."

முட்டுக்கு வழி சொல்லும் என்றால் சிவசைலம் எதையும் விழுங்குவார். வாங்கிக்கொண்டார்.

முதல் நாள். குறுக்குத்துறையில் குளியல், மேலெல்லாம் திருநீறு, வழி சொல்லும் கேப்சூல் உள்ளே போய் அரை மணி ஆகிவிட்டது. உள்ளங்கையில் மாத்திரை. மறுகையில் செம்பு. அப்போது வாசலில் பால்காரர் சுடலையாண்டியின் சைக்கிள் மணி. அவர் கையில் பாலோடு ஒரு தொன்னையும் இருந்தது. ஆவி பறந்தது.

"சார்வாள், பிள்ளையாருக்கு இன்னைக்குப் பொங்கல். ஒங்களுக்குக் குடுக்கணும்னு மனசுல பட்டுது."

தேடிவந்த பிரசாதம். சட்டம் சட்டம்தான். சிவசைலம் கிழக்கே பார்த்து நின்று தொன்னை காலியாகும் வரை சாப்பிட்டார். பிறகு மாத்திரை போட்டார்.

இரண்டாம் நாள் அதே நேரம், அதே சைக்கிள் மணி. இன்று காந்திமதி அம்மன் தயிர்சாதம். மூன்றாம் நாள் பாபநாசம் கோயிலிலிருந்து. "மொத பஸ்ல வந்துது சார்வாள்" என்றார் சுடலையாண்டி. நாலாம் நாள் நவதிருப்பதிப் பெருமாள் புளியோதரை அனுப்பினார். நெற்றியில் பட்டையடித்த சைவனுக்குப் பெருமாள் புளியோதரை அனுப்புகிறார் என்றால் என்ன அர்த்தம்? சிவசைலத்துக்கு உடம்பு லேசாகச் சிலிர்த்தது. ஐந்தாம் நாள் சேக் முகம்மதே நேரில் வந்தார். பொட்டல்புதூர் தர்காவில் நேர்ச்சை போட்ட தேங்காய்ச்சோறாம். சிவசைலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏட்டி, பாத்தியா? மாத்திரையக் கைல எடுக்கேன், பிரசாதம் வாசல்ல நிக்கி. ஒரு நாள், ரெண்டு நாள்னா தற்செயலுங்கலாம். அஞ்சு நாளு. எந்த வயித்துக்கு, ஏட்டி, சாமி இப்படிக் காவல் நிக்கும்?"

"எல்லாம் டவுன் வயித்துக்குத்தான்" என்றாள் பாக்கியவதி. முகத்தில் ஒரு சலனம் இல்லை.

அவர் இன்னொன்றும் கவனித்தார். எல்லாச் சாமியின் பிரசாதத்திலும் சுக்கு ஒரு பிடி தூக்கல். பிள்ளையார் பொங்கலிலும் சுக்கு. பெருமாள் புளியோதரையிலும் சுக்கு. பொட்டல்புதூர்ச் சோற்றிலும் அதே சுக்கு. எம்மதமும் சம்மதம் என்று பெரியவர்கள் சொன்னது சும்மாவா? மேலே எல்லோருக்கும் ஒரே மடப்பள்ளி என்று அவர் தீர்மானித்தார்.

ஆறாம் நாள் கடவுளுக்கே ஒரு பரீட்சை வைத்தார். காலையில் மாத்திரை போடவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய், பதினோரு மணிக்கு விளையாட்டுச் சாமான் அறைக்குள் புகுந்து, உள்தாழ்ப்பாள் போட்டு, காற்றுப்போன வாலிபால்களுக்கு நடுவே உட்கார்ந்து மாத்திரையை எடுத்தார். கதவு தட்டப்பட்டது. பியூன் இசக்கி கையில் தொன்னையோடு நின்றார்.

"குறுக்குத்துறை முருகன் பிரசாதம் சார்வாள்."

"யாருவே குடுத்தா?"

"தெரியல சார்வாள். கேட்டுல ஒருத்தர் குடுத்துட்டு அங்கனயே மறைஞ்சிட்டாரு."

சிவசைலம் தொன்னையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று மதியம் ஆசிரியர் அறை முழுக்க இதே பேச்சு. கணக்கு வாத்தியார் நிகழ்தகவு போட்டுப் பார்த்துவிட்டு, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வருகிறது என்றார். தமிழய்யா எழுந்து கும்பிட்டார். வணக்கம் வைக்கத் தயங்கும் தலைமையாசிரியர்கூட அன்று வராந்தாவில் ஒதுங்கி வழிவிட்டார். சிவசைலம் யாரையும் அதட்டாமல் பைய நடந்தார். பையன்கள் பயந்துபோனார்கள்.

எட்டாம் நாள் எல்லாம் கவிழ்ந்தது. கடவுளின் அருளைச் சீக்கிரமே எழுந்து வரவேற்போம் என்று வழக்கத்துக்கு ஒரு மணி முன்னால் எழுந்தார். அடுக்களையில் வெளிச்சம். பாக்கியவதி உருளியிலிருந்து தொன்னையில் பொங்கல் எடுத்துவைக்கிறாள். புறவாசலில் சுடலையாண்டி பயபக்தியோடு நிற்கிறார்.

"இன்னைக்குக் கிருஷ்ணாபுரம் பெருமாள்னு சொல்லணும், கேட்டியளா? நேத்து மாதிரி மென்னு முழுங்கப்பிடாது."

"சரி ஆச்சி."

சிவசைலம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். பிள்ளையார், அம்மன், முருகன், பெருமாள், பொட்டல்புதூர் எல்லாம் ஒரே உருளிக்குள் கிடந்தன. எட்டு நாளாக அவர் நின்ற இடத்தைச் சுற்றி இருந்த வெளிச்சம் அணைந்தது. சுடலையாண்டி பாலை வைத்துவிட்டு, கிருஷ்ணாபுரத்தை விட்டுவிட்டு, சைக்கிளேறினார்.

"என் விரதத்தக் கெடுத்துட்டியேட்டி."

"எங்க கெட்டுது? ஒவ்வொரு நாளும் நம்ம பூசையறைல வச்சு, அந்தந்தச் சாமி பேரச் சொல்லி, தீவாரண காட்டித்தான் அனுப்புனேன். நம்ம வீட்டுச் சாமி சாமியில்லையா? பொட்டல்புதூருக்கு மட்டும் பாய் வீட்டுல ஓதி வாங்கினேன். சோறு நான் வடிச்சதுதான்."

அவர் அப்பாவின் சட்டத்தில் இப்படி ஒரு பிரிவு கிடையாது. சட்டம் கைவிட்டால் சிவசைலம் குரலைத்தான் உயர்த்துவார்.

"நாளைக்குத் தேரு. லெச்சம் சனத்துக்குள்ள நிப்பேன். நீ தொன்னையத் தூக்கிக்கிட்டு வந்தாலும் என்னயக் கண்டுபிடிக்க முடியாது. ஒன் பால்காரனும் முடியாது, பாயும் முடியாது. வெறும் வயித்துல மாத்திரையப் போட்டு, வடம் பிடிக்கத்தான் போறேன். சாமியாப் பாத்து நேர்ல வந்து தந்தா மட்டும் தின்பேன்."

"சாமி நேர்ல வந்து தந்தா சாப்பிடுவிய?"

"சாப்பிடுவேன்."

"சாமி வேற எதும் சொன்னா?"

"சொல்லட்டுமே. சாமி சொல்லி நான் மீறுவனா?"

"சரி" என்றாள் பாக்கியவதி. அணை மறுபடி நிறையத் தொடங்கியது.

மறுநாள் காலை ரதவீதியில் எள் போட்டால் கீழே விழாது. தேருக்கு முன்னால் நாலு வடம், ஒவ்வொன்றும் தொடைப் பருமன், மலைப்பாம்பு போலத் தெருவில் நீண்டு கிடந்தது. முப்பது வருஷமாக முதல் வடம்தான் சிவசைலத்தின் இடம். அங்கே நின்றால் தெரிந்துவிடும் என்று அவர் யோசித்தார். குனிந்து, நெளிந்து, மூன்றாம் வடத்துக்கு நழுவினார். துண்டைத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டார். பக்கத்தில் நின்றவனுக்கே அவர் யாரென்று தெரியாது. மாத்திரையை எடுத்து வாயருகே கொண்டுபோனார். கேப்சூலைக் கோபத்தில் வீட்டிலேயே போட்டுவிட்டு வந்திருந்தார்.

"லே சிவசைலம்."

பெற்ற தாய் போன பிறகு அவரை 'லே' போட்டுக் கூப்பிட்டவர் கிடையாது. திரும்பினார். பச்சைப் பட்டுச் சேலை. மஞ்சள் பூசிய முகம். நெற்றியில் வட்டமாகக் குங்குமம். முன்னே பின்னே பார்த்திராத ஒரு அம்மாள். கையில் வாழையிலை நறுக்கில் சர்க்கரைப் பொங்கல்.

"இத வாங்கித் தின்னு. அந்த வில்லையக் கீழ போடு. வடத்த விடு."

"தாயி, நான் வருசா வருசம்..."

"எங்க வீட்டுக்காரரு தேர இழுக்க ஊருக்குள்ள லெச்சம் முட்டு இருக்கு. ஒனக்கு இருக்கது ரெண்டு. அதுல ஒண்ணு போயிட்டு. வயித்தையும் ஓட்டை போட்டுக்கிட்டா நாளைக்கு என் பிரசாதத்த எதுலலே வாங்குவே?"

எங்க வீட்டுக்காரரு தேரு. நெல்லையப்பர் தேரை எங்க வீட்டுக்காரர் தேர் என்று சொல்லக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான், காந்திமதி அம்மை. மாத்திரை கையிலிருந்து விழுந்து யார் காலடியிலோ பொடியாயிற்று. இரண்டு கையும் நீட்டி வாங்கினார். தின்று முடித்துத் தலையை நிமிர்த்தியபோது பச்சைச் சேலை கூட்டத்தில் கரைந்துவிட்டிருந்தது. அவர் வடத்தை விட்டு விலகினார்.

பூட்டிக் கிடந்த ஒரு பாத்திரக்கடைப் படியில் போய் உட்கார்ந்தார். அதிர்வேட்டு போட்டார்கள். ஆயிரக்கணக்கான முதுகுகள் ஒரே நேரத்தில் சாய்ந்தன. அப்போதுதான் சிவசைலம் ஒன்றைப் பார்த்தார். முப்பது வருஷமாக இந்தத் தேரை இழுத்திருக்கிறார். முப்பது வருஷமும் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இழுத்திருக்கிறார். தேர் நகர்வதை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

இப்போது பார்த்தார். முதலில் மேலே கும்பம் மட்டும் அசைந்தது. பிறகு தேரைச் சுற்றித் தொங்கும் துணித் தொம்பைகள் ஆடின. பிறகு, நகரவே நகராது என்று நினைத்த அந்தப் பெரிய உருவம் முழுசும், மாடிவீடுகளுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு, மூச்சு விடுவது போல ஒரு முனகலோடு அவரை நோக்கி வந்தது. சக்கரம் உருண்டபோது அவர் உட்கார்ந்திருந்த கல்படி அதிர்ந்தது. சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்தபடி இருந்தார். இதையா இவ்வளவு வருஷம் விட்டுவிட்டேன் என்று நினைத்தார். அழுதார். அதை மறைக்கவும் இல்லை. தேர் அவரைக் கடந்து போகும்போது, இனி எத்தனை ஆனி மாதம் பாக்கி இருக்கிறதோ அத்தனையும் இப்படி உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதற்கு உயிரோடு இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது.

வீட்டுக்கு வந்து பாக்கியவதியிடம் ஒன்று விடாமல் சொன்னார்.

"ஏட்டி, இது நீ அனுப்புனது இல்ல. நான் மூணாம் வடத்துக்கு மாறுவேன்னு எனக்கே தெரியாது. ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் பாக்கியவதி. கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு சிவசைலம் ஆளே மாறிவிட்டார். அம்மன் வாக்கை மீற முடியுமா? மறுபடி டாக்டரிடம் போனார். உண்மையை உள்ளபடி சொல்லித் திட்டு வாங்கினார். முட்டுக்கு வெந்நீர் ஒத்தடம், தொடைக்குப் பயிற்சி என்று டிரில் மாஸ்டருக்கே டிரில் கொடுத்தார்கள். வலி தாங்காத நாளில் மட்டும் ஒரு மாத்திரை, அதுவும் கேப்சூல் போட்டு, வயிறாரச் சாப்பிட்ட பிறகு. ஆசிரியர் அறையில் யாராவது வெறும் காபியோடு வலி மாத்திரை போட்டால் தட்டிவிட்டார். "காந்திமதி அம்மை என்ன சொன்னா தெரியுமாவே?" என்று தொடங்கிவிடுவார். கேட்கிறவர்களும் பயபக்தியோடு போய் ஒரு இட்லியாவது தின்றுவிட்டு வருவார்கள்.

ஆவணியில் களக்காட்டு அண்ணன் வீட்டில் அவர் மகளுக்கு வளைகாப்பு. பந்தியில் மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிவசைலம் முண்டாசு முதல் முனகல் வரை முழுக்கதையையும் சொன்னார். பந்தியே கையை நிறுத்திவிட்டுக் கேட்டது. மச்சான் மட்டும் ஏனோ இலையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. கதை முடியும்போது இலையில் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் விழுந்தது. சுக்கு வாசம் தூக்கியது. சிவசைலம் நிமிர்ந்தார். பச்சைப் பட்டுச் சேலை. மஞ்சள் பூசிய முகம். வட்டக் குங்குமம். அவர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

"நான் இந்த வீட்டுக்கு எதிர்வீடு அண்ணாச்சி. புதுசாக் குடிவந்திருக்கோம்" என்றாள் அந்த அம்மாள், கூச்சத்தோடு. "அன்னைக்கு லேன்னு கூப்பிட்டத மனசுல வச்சுக்கிடாதிய. வடத்துல மாத்திரையும் கையுமா நிக்கிறவருதான் நீங்கன்னு அடையாளம் சொல்லி, பாக்கியம் அக்காதான் அப்படிச் சொல்லச் சொன்னாவ."

சிவசைலம் மெல்லத் திரும்பிப் பார்த்தார். பாக்கியவதி பந்தியின் அந்தக் கோடியில் மும்முரமாக அப்பளம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் மூணாம் வடத்துக்கு மாறுனது அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றார் கடைசியில்.

"அக்காவுக்குத் தெரியாது அண்ணாச்சி. சீட்டுல எனக்கு மூணாம் வடம் விழுந்துது" என்றாள் அவள். "மத்த மூணு வடத்து அம்மனும் அந்தா சாம்பார் ஊத்திக்கிட்டு வாறாவ பாருங்க."